புதுப்பிப்பு: மகளின் சுருட்டை முடியும் சீப்பும்

தலைவாரும்போதெல்லாம் மகள் அழுகிறாள், சுருட்டை முடி அறுந்து அறுந்து வருகிறது என்று கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி காய்ந்த முடியில் சீப்பு வைப்பதையே விட்டாயிற்று. குளித்ததும் கண்டிஷனர் தடவி, அகலமான பல் உள்ள சீப்பால் நுனியில் தொடங்கி மெல்ல மேலே போகிறேன். சிக்குக்கு மேலே முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் வேரில் இழுக்காது. அழுகை நின்றது இதனால்தான்.

எனக்கு நேர்முடி. ஈரத்தில் வாரினால் நீண்டு அறுந்துவிடும், அதனால் ஓரளவு காய்ந்த பிறகே சீப்பு. ஒரே வீட்டில் இரண்டு சட்டம்! அடிக்கடி வாரினால் முடி வளரும் என்கிறார் மாமியார். உரசலில் முடியின் மேலடுக்கு தேய்வதுதான் மிச்சம்.

அப்புறம், பேன் சீப்பு பற்றிக் கேட்டவருக்கு: அதையும் கண்டிஷனர் தடவிய ஈர முடியில், சிக்கெடுத்த பிறகே போடுகிறேன்.