மறு: ‘ஸ்டியரிங் ஃபீல்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

காரின் ஸ்டியரிங் கைக்குத் தரும் உணர்வை ஆங்கிலத்தில் ‘ஸ்டியரிங் ஃபீல்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. வந்த பரிந்துரைகளில் பாதிக்கு மேல் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஆளாளுக்கு வேறு வேறு பொருளை மனதில் வைத்துச் சொல் தேடுகிறோம் என்று படுகிறது. அதனால்தான் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பொருந்தாமல் போகிறது.

> திசைமாற்றி உணர்வு என்று வைத்துவிட்டுப் போகலாமே. இதற்கு இத்தனை மடலா?

வைக்கலாம் ஐயா, ஆனால் உணர்வு என்பது ஓட்டுகிறவருடையது. நாம் பெயர் தேடுவது வண்டியின் குணத்துக்கு. ‘இந்தக் காருக்குத் திசைமாற்றி உணர்வு குறைவு’ என்று எழுதினால் காருக்குச் சொரணை இல்லை என்று திட்டுவது போல இருக்கிறது. (சில கார்களுக்கு அது தகும் என்பது வேறு கதை.)

> அடுத்த தலைமுறைச் சிறிய ஸ்போர்ட்ஸ் செடான்களைப் பற்றி எழுதுகிறேன். ஆர்வலர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பட்டியல் போட்டால் முதலிலேயே இந்தச் சொல் வந்து வழிமறிக்கிறது.

வழிமறிக்கத்தான் செய்யும். அந்த ஆர்வலர்கள் யாரும் குதிரைத்திறன் போதவில்லை என்று அழவில்லை. 2022-இல் மெர்சிடிஸ் காட்டிய சி63 எஸ் ஈ-பெர்ஃபாமன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2 லிட்டர், 4 சிலிண்டர் டர்போ எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து 680 குதிரைத்திறன். முந்தைய 4 லிட்டர், 8 சிலிண்டர் வி8 எஞ்சினைவிட அதிகம். இருந்தும் பாராட்டைவிடப் புலம்பல்தான் மிகுதி: வி8 போய்விட்டது, எடை 2,100 கிலோவைத் தொட்டுவிட்டது என்று. கையால் மாற்றும் கைக்கியருக்கான ஏக்கமும் அப்படித்தான். 2020-இல் அறிமுகமான பிஎம்டபிள்யூ எம்3-இல் 480 குதிரைத்திறன் கொண்ட அடிப்படை வகைக்கு மட்டும் 6 கியர் கைப்பெட்டி. அதற்கு மேலே போனால் தானியங்கிதான். காடிலாக் சிடி4-வி பிளாக்விங் 472 குதிரைத்திறனோடும் கைக்கியரோடும் வந்தபோது அமெரிக்க ஆர்வலர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எடை, கியர், எஞ்சின் சத்தம் இவற்றுக்கெல்லாம் நம்மிடம் சொல் இருக்கிறது. ஸ்டியரிங்குக்குத்தான் இல்லை. சொல் இல்லாததால் தமிழ் மதிப்புரைகளில் ‘ஸ்டியரிங் நல்லா இருக்கு’ என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

முதலில் பொறியியலைப் பார்த்துவிடலாம். வளைவில் திரும்பும்போது முன் டயர் தரையைத் தொடும் பகுதி சற்றே முறுக்கிக்கொள்கிறது. பக்கவாட்டு விசை அந்தப் பகுதியின் நடுவில் விழாமல் கொஞ்சம் பின்தள்ளி விழும். அதனால் சக்கரம் நேராகத் திரும்பப் பார்க்கும். கையில் ஓர் எதிர்ப்பு தெரியும். வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடும். ஆனால் டயர் தன் எல்லையை நெருங்கும்போது விசை விழும் இடம் முன்னோக்கி நகர்ந்து, அந்த எதிர்ப்பு குறையத் தொடங்கும். பிடிமானம் முழுதாகத் தீர்வதற்கு முன்பே இது நடந்துவிடும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிறது என்றால், ‘இதற்கு மேல் திருப்பாதே, முன்பக்கம் வழுக்கப்போகிறது’ என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியும் முன் கைக்குத் தெரிந்துவிடும் எச்சரிக்கை இது. ஆர்வலர்கள் கேட்பது இதைத்தான்.

எண்ணெய் அழுத்தத்தால் திருப்ப உதவிய பழைய ஹைட்ராலிக் அமைப்பில் இந்த விசை வடிகட்டப்படாமல் ஓரளவு கைக்கு வந்து சேர்ந்தது. மின்விசை அமைப்பில் இடையில் மோட்டாரும் அதன் பற்சக்கரங்களும் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் நிலைமமும் உராய்வும் நுண்ணிய அதிர்வுகளை விழுங்கிவிடும். எவ்வளவு உதவுவது என்று மென்பொருள் தீர்மானிக்கும். பிஎம்டபிள்யூ 2011-இல் எஃப்30 தலைமுறை 3-சீரிஸை மின்விசை ஸ்டியரிங்கோடு கொண்டுவந்தபோது எழுந்த முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. அதே 3-சீரிஸின் ஹைட்ராலிக் காலத் தலைமுறையான ஈ46 செடான் ஒன்றை, நண்பருடையதை, ஒருமுறை ஓட்டியபோது, சாலையின் வெள்ளைக்கோட்டுப் பெயின்டின் மேல் டயர் ஏறி இறங்கியதுகூட விரலில் தெரிந்தது. ஆனாலும் ஹைட்ராலிக்கை அப்படியே திருப்பிக் கேட்பது நடக்காத காரியம். ஹைட்ராலிக் பம்பு, திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் எஞ்சினின் ஆற்றலைத் தின்றுகொண்டிருந்தது. தடம் காக்கும் வசதிக்கும் தானே பார்க்கிங் செய்யும் வசதிக்கும் மின்மோட்டார் வேண்டும். தவிர, பழி முழுவதையும் மோட்டார் மேல் போடுவதும் நியாயமில்லை. அகலமான டயருக்கும் மூட்டுகளில் இருக்கும் மெத்தென்ற ரப்பர் புஷ்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இப்போது சொல்லுக்கு வருவோம். மூன்று பொருளைக் கலந்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

ஒன்று கனம். ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் ஸ்டியரிங் இறுகுவது இது மட்டும்தான். துருப்பிடித்த குழாயைத் திருகும்போதுகூடத்தான் கனமாக இருக்கிறது. அது நமக்கு ஒரு சேதியும் சொல்வதில்லை.

இரண்டாவது விரைவு, அதாவது எவ்வளவு திருப்பினால் சக்கரம் எவ்வளவு திரும்பும் என்பது. 2015-இல் வெளியான ஆல்ஃபா ரோமியோ ஜூலியாவில் இந்த விகிதம் 11.8-க்கு 1. மின்விசை ஸ்டியரிங்தான், இருந்தும் மதிப்புரையாளர்கள் கொண்டாடினார்கள். அதில் பெரும்பங்கு விரைவுக்குக் கிடைத்த பாராட்டு என்பது என் கணிப்பு. இதற்கு ‘திருப்பு விகிதம்’ போதும், புதுச்சொல் வேண்டாம்.

மூன்றாவதுதான் நாம் தேடுவது: டயரின் பிடிமான நிலையைக் கைக்குத் தெரிவிக்கும் குணம்.

> பின்னூட்டம்?

வலைப்பதிவுக்காரர்கள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘இந்தக் காரில் பின்னூட்டம் அதிகம்’ என்றால் காருக்கு அடியில் யாரோ கருத்து எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றும்.

> ஊறு. சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்னும் வரிசையில் தொடுபுலனுக்கு உரிய பழஞ்சொல்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஆனால் இன்றைய வாசகருக்கு ஊறு என்றால் தீங்கு. ‘இந்த ஸ்டியரிங்கில் ஊறு மிகுதி’ என்று படித்துவிட்டு ஒருவரும் அந்தக் காரை வாங்க மாட்டார்.

> தடவுணர்த்தல்?

தடம், உணர்த்தல் என்று பிரிப்பதற்குப் பதில் ‘தடவு’ என்று தொடங்கிவிடுவார்கள். வேண்டாம்.

என் பரிந்துரை: பிடியுணர்த்தல். இரண்டு காரணம் சொல்கிறேன். நாம் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறோம், டயர் சாலையைப் பிடித்திருக்கிறது; பிடி என்ற சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது. அடுத்து, ‘உணர்வு’ என்பதை விட்டு ‘உணர்த்தல்’ என்று போகும்போது வேலை வண்டியின் தலையில் விழுகிறது, அதுதான் நியாயம். வினையாகவும் ஆக்கலாம்: ‘பழைய தலைமுறை நன்றாகப் பிடியுணர்த்தும், புதியதில் கனம்தான் இருக்கிறது, பிடியுணர்த்தல் இல்லை.’ இந்த வாக்கியத்தை உங்கள் கட்டுரையில் போட்டுப் பாருங்கள். ‘நம்ப்’ (numb) என்பதற்கு ‘மரத்த’ என்ற வழக்குச்சொல் கைவசம் இருக்கவே இருக்கிறது, ‘மரத்த ஸ்டியரிங்’.

ஸ்டியரிங்கையும் மொழிபெயர்த்தாக வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பாடநூலில் திசைமாற்றி என்று இருக்கட்டும். மதிப்புரையில் ஸ்டியரிங் என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றப் போனால் எதுவும் நிற்காது.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. 2013-இல் இன்ஃபினிட்டி க்யூ50 செடான் வந்தபோது, அதன் சில வகைகளில் ஸ்டியரிங் சக்கரத்துக்கும் முன் சக்கரங்களுக்கும் இடையே இருந்த இயந்திர இணைப்பு வழக்கமாகப் பிரிந்தே இருக்கும். கோளாறு ஏற்பட்டால் மட்டும் சேரும் கிளட்ச் ஒன்று இருந்தது. மற்ற நேரமெல்லாம் கம்பியில் போகும் சமிக்ஞைதான். கையில் தெரியும் எதிர்ப்பை ஒரு தனி மோட்டார் உண்டாக்கும். ஆர்வலர்கள் அதை விரும்பவில்லை. ஆனால் அடுத்த தலைமுறை மின்கார்கள் அந்தப் பக்கம்தான் நகர்கின்றன. ஹ்யூண்டாய் தன் அயோனிக் 6 என் செடானில் இல்லாத கியரை மாற்றுவது போன்ற குலுக்கலையே மென்பொருளால் செய்துகாட்டுகிறதே, ஸ்டியரிங்கை மட்டும் விட்டுவைப்பார்களா?

அப்படி மோட்டார் உண்டாக்கித் தரும் எதிர்ப்பு டயரின் உண்மை நிலையை அளந்து சொன்னால், அதையும் பிடியுணர்த்தல் என்றே அழைக்கலாம். அளக்காமல் சும்மா இறுக்கிக் காட்டினால் அது கனம், அவ்வளவே. இந்த இரண்டையும் பிரிக்க ‘புனை’ என்று ஒரு முன்னொட்டு சேர்க்கலாமா, அல்லது சொல்லைத் தொடாமல் விளக்கத்தில் எழுதினால் போதுமா? மின்னணுக் கட்டுப்பாட்டுத் துறையில் இருக்கும் நண்பர்கள் யாராவது சொன்னால் பதிவில் சேர்த்துவிடலாம்.