இன்னும் யாரும் ஏறாத இளங்குதிரை: கூட இருந்து பாத்துக்க எப்படிப்பட்ட ஆளைத் தேடுறது?

கேள்வி (பிடரிமயிர்):
எங்கிட்ட ரெண்டரை வயசு ஆண்குதிரை ஒண்ணு இருக்கு, காயடிச்சாச்சு, இன்னும் முதுகுல யாரும் ஏறல, நாலு வயசு வரைக்கும் ஏத்துற எண்ணமும் இல்ல. நல்ல குணம், முகக்கயிறு போட்டா கூடவே வருவான், காலைத் தூக்குன்னா தூக்குவான். ஆனா பயங்கர துறுதுறு, சும்மா நின்னா கதவுக் கொக்கியைத் திறக்குறான், தண்ணி வாளியைக் கவுக்குறான், பக்கத்துல போறவங்க சட்டையைப் பிடிச்சு இழுக்குறான். என் வேலை நேரம் மாறினதுல வாரநாள்ல முன்ன மாதிரி அவன்கூட இருக்க முடியல. வாரத்துல ரெண்டு மூணு நாள் வந்து தேய்ச்சு விட்டு, கையில பிடிச்சு நடத்தி, ஏதாவது புதுசா காட்டி அவனுக்குப் பொழுது போக்க ஒரு ஆள் வேணும். விசாரிக்கிற எல்லாரும் "எப்ப ஏறலாம்"னு தான் முதல்ல கேக்குறாங்க. கீழ நின்னு பழகுறதுலயே சந்தோஷப்படுற ஆள் எங்க கிடைப்பாங்க, வந்தா எப்படி சோதிக்கிறது?

பதில் (குளம்படி):
"ஏற முடியாது, ஏறப்போறதும் இல்ல"ன்னு விளம்பரத்தோட முதல் வரியிலயே போட்டுடுங்க, பாதிப் பேர் அங்கயே விலகிடுவாங்க, அது நல்லதுதான். நான் நம்புறது முதுகுவலி, முட்டிவலின்னு சவாரியை விட்டவங்களை, அவங்களுக்கு குதிரை வாசனை இல்லாம இருக்க முடியாது, அவசரமும் கிடையாது. கால்நடை மருத்துவம் படிக்கிற பசங்க, லாடம் அடிக்கிறவர்கிட்ட தொழில் கத்துக்கிறவங்க, இவங்களையும் கேளுங்க. உங்க லாடக்காரர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லி வைங்க, யார் கை பதமா இருக்கும்னு அவங்களுக்குத் தெரியும்.

சோதனைக்கு வாய்ப்பேச்சு வேண்டாம், கயிறைக் கையில குடுத்துட்டு பாருங்க. குதிரைக்கு சுத்தி கிட்டத்தட்ட 350 டிகிரி பார்வை இருக்கு, ஆனா நெத்திக்கு நேர் முன்னாடியும் வாலுக்கு நேர் பின்னாடியும் தெரியாது. விவரம் தெரிஞ்ச ஆள் தோள்பட்டைப் பக்கமா பேசிக்கிட்டே வருவாங்க. கயிறைக் கையில சுத்திக்கிட்டா உடனே நிறுத்திடுங்க, குதிரை மிரண்டா விரல் போயிடும். முக்கியமா, அவன் ஒரு அடி எடுத்து வச்ச அந்த நொடியே இழுப்பைத் தளர்த்துறாங்களான்னு பாருங்க. குட்டி பாடம் கத்துக்கிறதே அந்தத் தளர்வுலதான், இழுத்துக்கிட்டே இருக்கிற கைகிட்ட எதிர்த்து நிக்கத்தான் கத்துக்கும்.

பதில் (பச்சைமேய்ச்சல்):
மேல சொன்னதெல்லாம் சரி, பொழுதுபோக்கு பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா நிறைய பேர் அதுன்னாலே லஞ்சிங்னு கயிறுல வட்டம் ஓட விட்டுடுறாங்க. ரெண்டரை வயசுல எலும்பு இன்னும் முதிரல, முதுகெலும்பு முழுசா முதிர அஞ்சரை ஆறு வயசு ஆகும், சின்ன வட்டத்துல திரும்பத் திரும்ப சுத்த விட்டா மூட்டுதான் அடி வாங்கும். அதுக்குப் பதிலா கையில பிடிச்சு நேரா நடக்கட்டும், மேடு பள்ளம், கொஞ்சம் தண்ணி, தரையில போட்ட கம்புகளைத் தாண்டுறது, விரிச்ச தார்ப்பாய் மேல காலை வைக்கிறது. பயிற்சின்னா பதினஞ்சு இருபது நிமிஷம் போதும், அவனா முகர்ந்து பாத்து முன்னாடி வரும்போதே முடிச்சுடணும்.

அதை விடப் பெரிய விஷயம், மீதி நேரம் எப்படிப் போகுதுங்கிறது. ஆளே வந்தாலும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான். குதிரை தானா மேஞ்சா நாள்ல பாதிக்கு மேல மேஞ்சுக்கிட்டேதான் இருக்கும், வயித்துல அமிலமும் நிக்காம சுரந்துக்கிட்டே இருக்கும், வெறும் வயிறா விட்டா புண்ணு. காய்ஞ்ச புல்லை சின்னக் கண்ணி வலையில கட்டி விடுங்க, மெதுவா இழுத்துத் தின்னும். கூட ஒரு வயசான குதிரையை மேய விட்டா, எல்லை மீறினா எப்படி வாங்கிக் கட்டுவோம்னு அது நம்மள விட நல்லா சொல்லிக் குடுக்கும். தனியா அடைச்சு வச்சா மரத்தைக் கவ்விக் காத்து இழுக்குறது, நின்ன இடத்துலயே ஆடுறதுன்னு பழக்கம் வந்துடும், வந்துட்டா மாத்துறது ரொம்பக் கஷ்டம்.

பதில் (பிடரிமயிர்):
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நான் சட்டையைக் கடிச்சா விலக்கி விடுறேன், வர்றவங்க சிரிச்சுட்டு விட்டா குழம்பிடுவானோன்னுதான் பயமே.

பதில் (குளம்படி):
கண்டிப்பா குழம்புவான். அதனால ஆள் வர்றதுக்கு முன்னாடியே நீங்க சொல்ற வார்த்தைகளை ஒரு தாள்ல எழுதி லாயத்துல ஒட்டிடுங்க, நில்லுக்கு என்ன, பின்னாடி போக என்ன, கடிச்சா என்ன செய்யணும்னு. கையில வச்சு தீனி குடுக்குறதை எல்லாருமே நிறுத்தணும், சட்டையை இழுக்குறது பல நேரம் அங்கதான் ஆரம்பிக்கும், தீனியை வாளியில போடுங்க. ஆரம்பத்துல நீங்களும் கூடவே நில்லுங்க, அவன் ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மாதிரி நடந்துக்கிறதைப் பாத்த பிறகு தனியா விடுங்க. ஹெல்மெட், கையுறை, கெட்டியான ஷூ இல்லாம கயிறைத் தொடக் கூடாது, ஏறலைன்னாலும் இது வேணும். அடிபட்டா யார் பொறுப்புன்னும் எழுதி வாங்கிடுங்க, பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைங்கன்னா பெரியவங்க ஒருத்தர் கூட இருந்தே ஆகணும்.