குளோரின் அடித்தும் ஸ்வாப் கவுன்ட் குறையவில்லை, எங்கே தப்பு?

கேள்வி:
எங்கள் உணவுத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்ததும் கன்வேயர் பெல்ட், ஃபில்லிங் மெஷின் இரண்டையும் கழுவி 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) குளோரின் தண்ணீர் அடிக்கிறோம். பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் ஸ்வாப் (பரப்பைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துச் செய்யும் கிருமிச் சோதனை) எடுத்தால் கிருமி கவுன்ட் அப்படியே நிற்கிறது. குளோரினைக் கூட்டலாமா?

பதில் 1:
கூட்டாதீர்கள், ஸ்டீல்தான் அரிக்கும். கோளாறு பெரும்பாலும் அதற்கு முந்தைய வேலையில் இருக்கும். கொழுப்பும் புரதமும் ஒட்டியிருந்தால் குளோரின் அதோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிச்சமிருக்காது. முதலில் துகள்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, 40–45 டிகிரி தண்ணீரில் அலசுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நீரில் கொழுப்பு உறையும். பிறகு கார டிடர்ஜென்ட் நுரை. அது காய்வதற்குள் தேய்த்து அலச வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்து அழுக்கில்லை என்று தெரிந்த பிறகுதான் குளோரின்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. கரைசலையும் பாருங்கள். 5% ஹைப்போகுளோரைட் என்றால் லிட்டருக்கு 4 மில்லி போட்டால் 200 பிபிஎம். ஆனால் கேன் பழசானாலோ வெயில் பட்டாலோ வீரியம் குறையும். கலக்கும்போதெல்லாம் டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் பாருங்கள். பிஎச் (கரைசலின் அமில-காரத் தன்மையின் அளவு) 8 ஆனாலே, கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம் ஏறத்தாழ கால் பங்குதான் இருக்கும். டிடர்ஜென்டைச் சரியாக அலசாவிட்டால் பிஎச் இன்னும் ஏறும். அதைக் குறைக்கிறேன் என்று யாரும் ஆசிட் கிளீனரை ஊற்றிவிடக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

பதில் 3:
மெஷினைக் கழற்றிக் கழுவுகிறீர்களா? கேஸ்கெட் (இணைப்புகளில் கசியாமல் வைக்கும் ரப்பர்), நாசில் ஓ-ரிங், பெல்ட்டின் அடிப்பக்கம், ஸ்கிரேப்பர் விளிம்பு, உள்ளீடற்ற ரோலர்: ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஸ்வாப் எடுங்கள், கிருமி எங்கே என்று தெரிந்துவிடும். வெடித்த கேஸ்கெட்டைக் கழுவிப் பயனில்லை, மாற்றுங்கள்.

வடிகாலையும் தரையையும் மெஷினுக்குக் குளோரின் அடிப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள், அதற்குத் தனி பிரஷ் வையுங்கள். பிரஷர் ஹோஸால் வடிகாலில் அடித்தால் திவலை பறந்து பெல்ட்டில் படியும். லிஸ்டீரியா குளிரறையிலும் வளரும் கிருமி, வடிகாலில் நிலைத்துவிடும்.

கேட்டவர்:
பெல்ட்டைத் தளர்த்தாமல்தான் கழுவுகிறோம். கடைசியில் ஈரத்தைத் துணியால் துடைப்பதும் உண்டு.

பதில் 3:
துணியை இன்றே நிறுத்துங்கள், சுத்தமான இடத்தில் அதுவே கிருமியைத் தடவிவிடும். குளோரின் குறைந்தது 2 நிமிடம் ஈரமாக நிற்கட்டும், பிறகு வடிந்து தானாகக் காயட்டும். பெல்ட்டைத் தினமும் தளர்த்தி அடிப்பக்கத்தைத் தேய்த்துவிட்டு, அடுத்த ஸ்வாப்பை அங்கேயே எடுங்கள்.