விளக்கேற்றித் திரும்பினால் பால் பொங்குகிறது, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மாயவரத்துப் பெண்:
எல்லாருக்கும் வணக்கம். சின்ன வயதில் பிரதோஷம் என்றால் பாட்டி என்னை மாயூரநாதர் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். மாதம் இரண்டு தடவை, சாயங்காலம் நாலரைக்குப் போய் உட்கார்ந்தால் நந்திக்கு அபிஷேகம் முடிந்து, காப்பரிசி வாங்கித் தின்றுவிட்டு இருட்டத் தொடங்கும்போதுதான் வீடு. எனக்குக் காப்பரிசி மேல்தான் கண், ஆனாலும் அந்த ஒன்றரை மணி நேரம் மனதுக்குள் ஒரு அமைதி இருந்தது. இப்போது சோழிங்கநல்லூரில் வேலை, 7.10க்கு கம்பெனி பஸ், இரண்டு பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ். விளக்கேற்றிக் கண்ணை மூடினால் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. தியானத்துக்கு ஒரு ஆப் போட்டேன், அது தினமும் "நேற்று தவறவிட்டீர்கள்" என்று சொல்லிச் சொல்லியே குற்ற உணர்ச்சியை ஏற்றிவிட்டது, நீக்கிவிட்டேன். வேலைக்குப் போகிறவர்கள் இதற்கு எங்கே நேரம் கண்டுபிடிக்கிறீர்கள்? "மனமிருந்தால் மார்க்கமுண்டு" என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள், ப்ளீஸ்.

குரோம்பேட்டை ரயில்:
நான் வீட்டில் தேடுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. நான் கத்தோலிக்கப் பெண், முழுச் செபமாலை என்றால் 53 அருள்நிறை மந்திரம். அம்மா தினமும் முட்டிபோட்டுச் சொல்வார், என்னால் முடியாது. அதனால் ரயிலில் ஒரே ஒரு பத்து. பரங்கிமலை ஸ்டேஷன் வந்ததும் ஃபோன் பைக்குள் போய்விடும், சைதாப்பேட்டை தாண்டும்வரை வெளியே வராது, விரலை மடக்கி எண்ணிக்கொள்வேன். பக்கத்தில் ஒருவர் சத்தமாக ரீல்ஸ் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். இருக்கட்டும். உங்கள் பஸ்ஸிலும் இந்த மாதிரி இரண்டு ஸ்டாப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று காத்திருந்தால் ரிட்டயர்மென்ட் வந்துவிடும்.

காயல்காரன்:
சகோதரி, எங்களுக்கு ஒரு வசதி, நேரத்தை நாங்கள் முடிவு பண்ண வேண்டியதில்லை. பாங்கு சொன்னால் எழுந்திருக்க வேண்டியதுதான். பர்மா பஜார் பக்கம் கடை வைத்திருக்கிறேன், லுஹர் என்கிற மதியத் தொழுகை நேரத்தில்தான் கஸ்டமர் சரியாக வந்து நிற்பார், ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். இப்போது தம்பியை நிறுத்திவிட்டுப் போய்விடுவேன், போகிற வியாபாரம் போகட்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன், தொழுகையில் நின்றால் மனது அப்படியே அடங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். சுபுஹு என்கிற அதிகாலைத் தொழுகையில் ஃபர்ளு, அதாவது கட்டாயமானது, இரண்டே ரக்அத் (நின்று, குனிந்து, சஜ்தா செய்கிற ஒரு சுற்று), அதற்குள்ளேயே எனக்கு நேற்றைய கடன் பாக்கி எல்லாம் ஞாபகம் வரும். மனது ஓடட்டும், உடம்பு அங்கே நிற்கிறதா, அன்றைக்கு அது போதும் என்று எங்கள் வாப்பா சொல்வார். நீங்கள் அமைதி வந்ததா வந்ததா என்று சோதித்துப் பார்த்தே களைத்துப்போகிறீர்களோ என்று தோன்றுகிறது.

கருப்புச்சட்டை:
எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, அதனால் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே கேட்கிறேன். பால் பொங்குவதில் ஆன்மிகம் எங்கே வந்தது? அந்த வீட்டில் பாலைப் பார்த்துக்கொள்ள இன்னொரு பெரிய ஆள் இல்லையா? உங்கள் பாட்டிக்குப் பிரதோஷத்தன்று ஒன்றரை மணி நேரம் கிடைத்தது என்றால் வீட்டில் யாரோ அடுப்படியில் நின்றிருக்கிறார்கள் என்று அர்த்தம், அநேகமாக உங்கள் அம்மா. அவர் எத்தனை பிரதோஷம் பார்த்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

கடலூர் ஆச்சி:
தம்பி சொல்வது சுருக்கென்று இருந்தாலும் நிஜம். எனக்கு 71 வயது, ஊர் வடலூர்ப் பக்கம். வள்ளலார் 1867ல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை, வருகிறவருக்கெல்லாம் சோறு. எங்கள் அம்மா கோயில் குளம் என்று போனதே இல்லை, களையெடுக்கப் போகவே பொழுது சரியாக இருக்கும். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள், பானை நிறைந்தால் தருமசாலைக்குப் போகும். பட்டினி கிடந்த வருஷத்தில் பிடி சின்னதானது, ஆனால் நிறுத்தவில்லை. அந்த ஒரு பிடியைப் போடும்போது மட்டும் அவள் யாரோடும் பேச மாட்டாள், நாங்கள் அழுதாலும் திரும்ப மாட்டாள். நானும் அதைத்தான் செய்கிறேன், இப்போது குக்கர், அவ்வளவுதான் வித்தியாசம். உனக்கு வேலையே அடுப்படியில்தானே கண்ணு, சாமியையும் அங்கேயே வைத்துக்கொள்ளேன்.

மாயவரத்துப் பெண்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "நான் எங்கடி போனேன், உங்களுக்கு ராத்திரிக்கு தோசை யார் வார்க்கிறது" என்றாள். அடுத்த பிரதோஷம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, ஊருக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன், வீட்டில் அப்பாதான் தோசை. ஆச்சி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் பிடியரிசி ஆரம்பித்திருக்கிறேன், முதல் இரண்டு நாள் மறந்துபோனேன். காலைப் பாலை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தாயிற்று. நேற்றும் பொங்கி வழிந்தது, வாசனை பூஜை அலமாரிவரை வந்தது, நான் கண்ணைத் திறக்கவில்லை.