ஸ்விஃப்ட் டிக்கிக்கு 12 இஞ்ச் சப்வூஃபர் பெட்டி: அளவு பார்த்துச் சொல்லுங்க

டிக்கி_பேஸ்:
வணக்கம். 12 இஞ்ச் சப் (சப்வூஃபர், பேஸுக்கான ஸ்பீக்கர்) ஒன்றுக்கு வீட்டிலேயே பெட்டி செய்யப் போறேன். அதோட தாளில் இருக்கிற விவரம்: எஃப்எஸ் (ஸ்பீக்கரோட கோன், அதாவது அதிரும் கூம்பு, தானா அதிர்ற சுதி) 30 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குதுன்னு காட்டுற எண்) 0.45, விஏஎஸ் (கோனோட நெகிழ்வுக்குச் சமமான காற்று) 45 லிட்டர், 400 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்குற பவர்), 4 ஓம் காயில் (கம்பிச் சுருள்) ரெண்டு, பலகையில் வெட்ட வேண்டிய வட்டத்தோட விட்டம் 280 மிமீ, ஆழம் 145 மிமீ. பெட்டி பின்சீட்டோட சாய்வுக்கு ஒட்டி உட்காரணும், ஸ்டெப்னி எடுக்கணும்னா தூக்கி வெளியே வைக்க முடியணும். சீல்டு (காற்று போகாம மூடின பெட்டி) நல்லதா, போர்ட்டடா (காற்று போய்வர பைப் வச்ச பெட்டி)? 12 மிமீ எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) தாங்குமா?

மரத்தூள்:
இந்த சப்புக்கு சீல்டுதான் பொருத்தம். கணக்கு சுலபம். சீல்டு பெட்டிக்கு வழக்கமா வைக்கிற இலக்கு க்யூ 0.707. அதை க்யூடிஎஸ்ஸால் வகுத்தா 1.571. அதோட இருபடி 2.468, அதில் 1 போனா 1.468. விஏஎஸ் 45-ஐ இதால் வகுங்க, 30.6 லிட்டர் வரும். இது சப்புக்குக் கிடைக்கவேண்டிய வெறும் காற்று. மேக்னெட்டும் கூடையும் சுமார் 3 லிட்டர் பிடிக்கும், உள்ளே கொடுக்கிற தாங்கு சட்டங்கள் அரை லிட்டர். ஆக உள் கொள்ளளவு 34 லிட்டர் வேணும்.

பலகை 18 மிமீ எடுங்க. 12 மிமீ போட்டா பெரிய பக்கங்கள் அதிரும், அந்த அதிர்வு பேஸோட கலந்து 'டொம் டொம்'னு ஒரே சுதியில் கேட்கும். 8×4 ஷீட்டில் பாதி போதும். கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்க, ஜிக் சாவில் நீள வெட்டு நேரா வராது.

முன்பலகை 600×350 மிமீ ரெண்டு (ஒட்டி 36 மிமீ ஆக்கணும்), அடிப்பலகை 600×240, மேல்பலகை 600×155, பின்பலகை 600×365. பக்கப்பலகை ரெண்டும் 314 உயரம், அடியில் 235, மேலே 155 அகலம். அடி, மேல் பலகைகளோட பின்விளிம்பை 14 டிகிரி சாய்வா சீவணும், இல்லைன்னா பின்பலகை கோடு மாதிரி ஓரத்தில் மட்டும் தொடும், பசை பிடிக்காது. பின்பலகையில் மிஞ்சுறதை ஒட்டின பிறகு இழைப்புளி போட்டுச் சமன் பண்ணுங்க. உள்ளே 31.4×56.4×சராசரி 19.5 செமீ, 34.5 லிட்டர் வரும். பலகை வாங்குறதுக்கு முன்னாடி இதே அளவில் அட்டையில் ஒரு பெட்டி ஒட்டி, டிக்கியில் வச்சு சீட்டோட சாய்வைப் பாருங்க.

வட்டம் வெட்டும்போதுதான் பலகை அதிகம் வீணாகும். 12 இஞ்ச்னு நினைச்சு 305 மிமீ வெட்டினா சப் உள்ளே விழுந்துடும். ஆணியை நடுவில் அடிச்சு 140 மிமீ ஆரத்துக்கு வரைஞ்சு, கோட்டுக்கு உள்பக்கமா வெட்டி, உப்புத்தாளில் தேய்ச்சுக் கொண்டுவாங்க. மூக்கில் மாஸ்க் கட்டாயம், எம்டிஎஃப் தூசு ரொம்ப நைசு.

ஓரப்பசை:
மேலே சொன்ன அளவு சரி. பலகையில் மட்டும் எனக்கு வேறு கருத்து. மழைக்காலத்தில் டிக்கிக்குள்ள ஈரம் இறங்குற வண்டின்னா எம்டிஎஃப்போட வெட்டு விளிம்பு உப்பிடும். அடிப்பலகையாவது 710 கிரேடு (தண்ணி தாங்குற) பிளைவுட்டா இருக்கட்டும். முழுக்க எம்டிஎஃப்தான்னா விளிம்புகளில் தண்ணி கலந்த ஃபெவிகாலை ரெண்டு கோட் இழுத்துக் காயவிடுங்க.

ஒட்ட ஃபெவிகால் மரைன். ஜிப்சம் ஸ்க்ரூ 45 மிமீ, 10 செமீக்கு ஒன்று. அதுக்கு முன்னாடி 2.5 மிமீ பிட்டில் துளை போடணும். எம்டிஎஃப் விளிம்பில் துளை இல்லாம முறுக்கினா பலகை ஏடு ஏடா பிளந்துடும், அந்தப் பிளவு வழியா காற்று கசியும்.

உள்மூலையில் சிலிக்கான் தடவும்போது டியூபை மோந்து பாருங்க. வினிகர் வாசனை அடிச்சா அது அமில வகை, அந்த ஆவி வயர் மாட்டுற டெர்மினலை அரிக்கும். நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்க. எதுவானாலும் 24 மணி நேரம் திறந்து வச்சுட்டுத்தான் சப்பை மாட்டணும். சப்புக்கு டி-நட் (பலகையோட பின்பக்கம் பதிக்கிற பல் வச்ச நட்) போடுங்க. மரத்தில் நேரா முறுக்கின ஸ்க்ரூ நாலு தடவை கழட்டி மாட்டினா பிடி விட்டுடும்.

டிக்கி_பேஸ்:
ரொம்ப நன்றி அண்ணே. உள்ளே பஞ்சு போடணுமா? அப்புறம், பின்னாடி போர்ட்டடுக்கு மாறணும்னா இதே பெட்டியில் பிவிசி பைப் சொருகினா போதுமா?

மரத்தூள்:
தலையணைக்குப் போடுற பாலியஸ்டர் பஞ்சு 300 கிராம், உதிர்த்துப் பின்பக்கமா பரப்புங்க. மேக்னெட்டோட நடுத்துளையை மூடக்கூடாது, காயில் சூடு ஆறுறது அது வழியாத்தான். இலவம் பஞ்சு வேண்டாம், அதோட நுண் இழை அந்தத் துளை வழியா காயில் இடுக்கில் போய்ச் சேரும்.

இதே பெட்டியில் பைப் சொருகாதீங்க. உதாரணத்துக்கு 50 லிட்டரை 33 ஹெர்ட்ஸுக்கு டியூன் பண்ண (பைப்பில் இருக்கிற காற்று அந்தச் சுதியில் ஒத்து அதிர), உள்விட்டம் 10.3 செமீ பைப் 38 செமீ நீளம் வேணும். உங்க பெட்டியில் பாதிக் கொள்ளளவை அந்தப் பைப்பே அடைச்சுக்காது, ஆனா கொள்ளளவு குறைஞ்சா நீளம் இன்னும் கூடும். 19 செமீ ஆழத்தில் வளைக்காம வைக்க முடியாது. தவிர, டியூனிங்குக்குக் கீழே கோனைப் பிடிச்சு நிறுத்தக் காற்று இருக்காது. ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபையரில்) சப்சானிக் ஃபில்டர் (ரொம்பத் தாழ்ந்த சுதியை வெட்டுறது) இல்லைன்னா காயில் அடிவாங்கும்.

ஓம்விதி:
ரெண்டு காயிலையும் பேரலலா கொடுத்தா 2 ஓம். ஆம்ப் 2 ஓமுக்கு நிலையா ஓடுமான்னு பார்த்துக்கோங்க. 400 வாட்டுக்கு 4 கேஜ் சுத்தச் செம்பு வயர், பேட்டரியிலிருந்து 45 செமீக்குள்ள 60 ஆம்பியர் ஃபியூஸ். எர்த்துக்குப் பெயிண்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் முறுக்கணும்.

கசிவு பார்க்க: 30 ஹெர்ட்ஸ் டோனைக் கொஞ்சமா ஓடவிட்டு, ஊதுபத்தியை இணைப்புகள் ஓரமா மெல்ல நகர்த்துங்க. கசியும் இடத்தில் புகை நடுங்கும். டெர்மினல் கப்பை (பெட்டியில் வயர் மாட்டுற பிளாஸ்டிக் கிண்ணம்) சுற்றித்தான் பெரும்பாலும் நடுங்கும், அதுக்கடியில் ஃபோம் டேப் போட மறந்திருப்பாங்க.

எல்லாம் முடிஞ்சா பெட்டி 20 கிலோவுக்கு மேல இருக்கும். திடீர்னு பிரேக் போட்டா சீட்டில் வந்து மோதும், அதனால சும்மா வைக்காதீங்க. ராட்செட் பெல்ட் போட்டுக் கட்டினா ஸ்டெப்னிக்கு ரெண்டு நிமிஷத்தில் கழட்டலாம். தரையில் ஸ்க்ரூ அடிக்கிற எண்ணம் இருந்தா, முதலில் வண்டிக்கு அடியில் படுத்து பெட்ரோல் டேங்க்கும் பைப்பும் எங்கே போகுதுன்னு பார்த்துட்டு அடிங்க.