'நே' வந்தால் இந்தி வினைச்சொல் யாரோடு போகிறது?

கோவை வாசகி:
மகளோடு சேர்ந்து நானும் மத்யமா தேர்வுக்கு இந்தி படிக்கிறேன். 'லட்கீ ஆம் காத்தீ ஹை' என்றால் சிறுமி மாம்பழம் சாப்பிடுகிறாள். வினை பெண்பால், சரி. இறந்தகாலத்தில் அதுவே 'லட்கீ நே ஆம் காயா' ஆகிறது. சாப்பிட்டவள் பெண், வினையோ ஆண்பால்! பையன் ரொட்டி சாப்பிட்டாலோ 'லட்கே நே ரோட்டீ காயீ' என்று வினை பெண்பாலாகிவிடுகிறது. செயப்படுபொருளைப் பார்த்து வினை மாறும் என்ற விதி எங்களுக்குப் பாடமாகிவிட்டது. ஏன் அப்படி என்று மகள் கேட்கிறாள். 'நே' என்பது நம் 'ஆல்' உருபு போன்றதா?

மதுரை, ஓய்வுபெற்ற இந்தி ஆசிரியர்:
அம்மா, உங்கள் மகள் கேட்டது மிக நல்ல கேள்வி. இந்த இடத்தில் விதியை மட்டும் ஒப்பிக்கச் சொல்லிவிட்டு நகர்வது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம்.

சமஸ்கிருதத்தில் 'பாலிகயா ஆம்ரம் காதிதம்' என்பார்கள். சிறுமியால் மாம்பழம் உண்ணப்பட்டது என்று பொருள். 'காதிதம்' வினைமுற்றைப் போலத் தோன்றினாலும் மாம்பழத்தைத் தழுவி நிற்கும் பெயரடைதான். ஆகவே அது மாம்பழத்தின் பாலையே ஏற்கிறது. பழைய இறந்தகால வினைமுற்றுகள் வழக்கொழிந்தபோது அவற்றின் இடத்துக்கு இந்த அமைப்பு வந்தது. இந்தியின் 'காயா', 'காயீ' அந்த வழியில் வந்தவை. நிகழ்காலத்துக் 'காத்தா', 'காத்தீ' வேறு வழி. உண்கிறவன், உண்கிறவள் என்று செய்பவரைத் தழுவும் வடிவத்திலிருந்து பிறந்தவை. அதனால்தான் அங்கே வினை சிறுமியோடு போகிறது, இங்கே மாம்பழத்தோடு போகிறது.

ஆனால் 'நே' என்றால் 'ஆல்' என்றே மனப்பாடம் செய்துவிடாதீர்கள். இன்றைய இந்தியில் செயப்பாட்டு வினை தனியே இருக்கிறது: 'ஆம் காயா கயா'. மேலும், 'லட்கீ நே அப்னா ஆம் காயா' என்னும்போது 'தன்னுடைய' என்ற பொருள்தரும் 'அப்னா' சிறுமியைத்தான் சுட்டும். எழுவாய் அவளேதான், வினைதான் அவளைச் சுட்டவில்லை. நாமும் 'எனக்குப் பசிக்கிறது' என்கிறோம். பசிப்பது எனக்கு, வினை என்னைச் சுட்டுவதில்லை. மகளிடம் இதிலிருந்து தொடங்குங்கள்.

புனேவில் வசிப்பவர்:
ஐயா சொன்னது மராத்திக்கும் பொருந்தும், ஒரு வேறுபாட்டோடு. 'அவன் பாக்கரி (அங்குள்ள ஒருவகை ரொட்டி) சாப்பிட்டான்' என்பதற்கு 'த்யானே பாக்கரீ கால்லீ'. 'நான்' வந்தால் 'மீ பாக்கரீ கால்லீ'. உருபைக் காணோம், வினை மட்டும் பாக்கரியோடு இசைந்து பெண்பாலில் நிற்கிறது. மறுபுறம் போஜ்புரியிலும் மைதிலியிலும் இந்த 'நே' ஏற்பாடே கிடையாது. எங்கள் அலுவலகத்தில் பீகார் நண்பர்கள் 'நான் சாப்பிட்டேன்' என்பதற்கு 'நே' இல்லாமல் 'ஹம் காயே' என்று சொல்வது அவர்களுடைய தாய்மொழியின் வழக்கம். அதைக் கேட்டுச் சிரிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

கோவை வாசகி:
இருவருக்கும் நன்றி. இன்னொன்று: 'லட்கே நே லட்கீ கோ தேகா', பையன் சிறுமியைப் பார்த்தான். பார்க்கப்பட்டவள் பெண்தானே, 'தேகீ' அல்லவா வரவேண்டும்?

மதுரை, ஓய்வுபெற்ற இந்தி ஆசிரியர்:
வராது அம்மா. உருபு ஒட்டிய பெயரோடு இந்தி வினை இசையாது. இந்த வாக்கியத்தில் பையனுக்கு 'நே', சிறுமிக்கு 'கோ'. உருபில்லாத பெயர் மிச்சமே இல்லை. அப்போது வினை ஆண்பால் ஒருமையில் நின்றுவிடும். உண்மையில் இந்த ஒரு விதி பிடிபட்டால் 'நே' இல்லாத வாக்கியங்களும் அதற்குள் அடங்கிவிடும்: 'முஜே பூக் லகீ ஹை' என்பதில் 'எனக்கு' உருபேற்றது, பசி உருபில்லாதது, 'பூக்' பெண்பால் என்பதால் 'லகீ'.

இறந்தகாலத்தில் செயப்படுபொருள் ஏற்கும் வினைக்கு 'நே' வரும், ஏற்காததற்கு வராது என்பது பொதுவிதி. அதற்கு விலக்குகளும் உண்டு. 'லானா' செயப்படுபொருளை ஏற்கும், ஆனால் 'நே' பெறாது. எடுத்துக்கொண்டு வருதல் என்ற 'லே ஆனா' சுருங்கி வந்த சொல் அது. 'வருதல்' செயப்படுபொருள் குன்றியது, அதன் பழக்கம் இதற்கும் வந்துவிட்டது. 'பூல்னா', அதாவது மறத்தல், அதுவும் 'நே' பெறாது, அதை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். 'சீங்க்னா', அதாவது தும்முதல், நேர்மாறு. செயப்படுபொருள் இல்லாமலேயே 'மைன்னே சீங்கா' என்று வரும்.

மகளைப் பாடநூலின் இறந்தகால வாக்கியங்களில் உருபேற்ற சொற்களையெல்லாம் பென்சிலால் அடிக்கோடிடச் சொல்லுங்கள். கோடு படாமல் நிற்கும் பெயரைப் பார்த்து வினையை அவளே எழுதட்டும், பிறகு நூலோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.