மடக்குக் கத்தி திறக்க மாட்டேங்குது, வழி சொல்லுங்க

என்கிட்ட இருக்கிறது ஒப்பினெல் கம்பெனியோட 8-ஆம் நம்பர் கத்தி. கார்பன் ஸ்டீல் அலகு, பீச் மரக் கைப்பிடி. போன வாரம் மாங்காய் நறுக்கிட்டு, குழாய்ல கழுவி ஈரத்தோடயே மடக்கிப் பையில போட்டுட்டேன். தப்பு என்னுதுதான். மரம் ஊறி உப்பி அலகைக் கவ்விப் பிடிச்சிருக்கு; இழுத்தா நகம்தான் பிய்யுது. கைப்பிடியோட அடிப்பக்கத்தைத் தரையில தட்டினா முனை மட்டும் எட்டிப் பாக்குது. நாலு நாளா அரிசிக்குள்ள புதைச்சு வச்சிருக்கேன் (அம்மா முறைக்கிறாங்க). வெயில்ல வச்சா மரம் வெடிச்சிடுமோன்னு பயம்.

காய்ஞ்சதும் கைப்பிடியில அலகு மடங்கி உட்காருற காடியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா? அலகுல மாங்காய்ப் புளிப்புக் கறுப்பு இருந்தா இருக்கட்டும், மூட்டுக்கிட்ட செந்துருதான் கவலை. தேங்காய் எண்ணெய் நாளானா சிக்கு வாடை அடிக்கும். பழம் நறுக்குற கத்திக்கு வேற என்ன எண்ணெய் போடுறீங்க?